ஊராட்சியும் மென்பொருள் உரிமமும்: கூட்டுக் கொள்முதல் குறித்த ஓர் ஆய்வு

உள்ளாட்சி அமைப்புகள் தமக்கு வேண்டியவற்றைத் தனித்தனியே வாங்குவதா, பல அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வாங்குவதா என்பது தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் பம்பு முதலியவற்றைப் பொறுத்தவரை மிகப் பழைய கேள்வி. கணினி ஊராட்சி அலுவலகத்துக்குள் வந்த பிறகு அதே கேள்வி மென்பொருளைப் பற்றியும் எழுந்தது. ஆனால் பழைய விடைகள் அதற்கு அப்படியே பொருந்தவில்லை. மோட்டார் பம்பை வாங்கும் ஊராட்சி அதற்கு உடைமையாளர் ஆகிறது. பழுதானால் உள்ளூர் மெக்கானிக்கிடம் காட்டலாம், கழித்துக்கட்ட வேண்டுமென்றால் ஏலம் விடலாம். மென்பொருளுக்குப் பணம் செலுத்தும் அலுவலகமோ குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கணினிகளில், குறிப்பிட்ட நிபந்தனைகளின்படி, பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியையே பெறுகிறது. அந்த அனுமதிக்குப் பெயர் உரிமம். ஆகவே மென்பொருள் உரிமத்தைக் கூட்டாக வாங்குவது சரக்கு வாங்குவதைக் காட்டிலும் குத்தகை பேசுவதற்கே நெருக்கமானது. குத்தகையில் தொகையைவிட நிபந்தனைகளே நீண்ட நாள் பேசும்.

கூட்டுக் கொள்முதல் உலகெங்கும் ஒரே உருவில் இல்லை. ஒரு மைய அமைப்பு ஒப்பந்தப்புள்ளி கோரி, ஓர் அலகுக்கு இன்ன விலை என்று முடிவு செய்துவிட, பிற அலுவலகங்கள் அந்த விலையில் தமக்கு வேண்டிய அளவை நேரடியாக வாங்கிக்கொள்வது முதல் வகை. அலுவலக வழக்கில் இதை ரேட் காண்ட்ராக்ட் என்பார்கள். ஓர் அமைப்பு தனக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பின்னர் வேறு அமைப்புகளும் இணைந்துகொள்வது இரண்டாம் வகை. அமெரிக்காவில் மாநில அரசுகளின் கொள்முதல் அதிகாரிகள் அமைப்பு 1947 முதல் இயங்குகிறது. அதன் நாஸ்போ வேல்யூபாயின்ட் பிரிவில் ஒரு மாநிலம் முன்னின்று ஒப்பந்தப்புள்ளி நடத்த, மற்ற மாநிலங்களும் அவற்றின் வழியாக நகராட்சிகளும் தனி இணைப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டு அதே விலையைப் பெறுகின்றன. அந்த இணைப்பு ஆவணம் கவனிக்கத்தக்கது: மூல ஒப்பந்தத்தை மாற்றாமலேயே, சேரும் அமைப்பு தன் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட கூடுதல் நிபந்தனைகளை அதில் எழுதிக்கொள்ள முடிகிறது. உள்ளாட்சிகளே சேர்ந்து தமக்கென ஒரு நிறுவனத்தை அமைத்து அதன் மூலம் வாங்குவது மூன்றாம் வகை. டென்மார்க்கின் கதை அது, பின்னர் வரும்.

மென்பொருள் இத்தகைய கூட்டுக்கு ஏற்ற பண்டம் என்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. எழுதி முடிக்கப்பட்ட மென்பொருளின் இன்னொரு படியை உருவாக்க விற்பவருக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. எனவே அதன் விலை அடக்கச் செலவிலிருந்து பிறப்பதில்லை, வாங்குபவரின் பேரம் பேசும் வலுவிலிருந்தே பிறக்கிறது. விற்பனை நிறுவனங்களின் விலைப்பட்டியல்கள் எண்ணிக்கை கூடக்கூட விலை இறங்கும் படிக்கட்டுகளாக அமைந்திருப்பது இதனால்தான். ஒன்றோ இரண்டோ கணினி வைத்திருக்கும் கிராம ஊராட்சி அந்தப் படிக்கட்டின் உச்சியில், மிக அதிக விலை கொடுக்கும் இடத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளும் ஒரே வாங்குநராக நின்றால் இந்தியாவின் பெருநிறுவனங்களுக்கு இணையான பேரம் அவற்றின் கையில் இருக்கும். வாதம் இதுவரை எளிது. சிக்கல் ஊருக்குள் வந்து பார்க்கும்போதுதான் தொடங்குகிறது.

ஓர் ஊராட்சி அலுவலகத்தின் அளவில்

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் வட்டத்தில், மேலூர் ஊராட்சி ஒன்றியத்துக்கு உட்பட்டது திருவாதவூர். மதுரை மாவட்டத்தில் 2019-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலின்போது இருந்த 13 ஊராட்சி ஒன்றியங்கள், 420 கிராம ஊராட்சிகள் என்ற அமைப்பில் அதுவும் ஓர் ஊராட்சி. இப்படிப்பட்ட ஓர் ஊராட்சிக்கு உண்மையில் எந்த மென்பொருள் தேவைப்படுகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் கூட்டுக் கொள்முதலின் நன்மை தீமைகளை எடைபோட முடியாது.

கணக்கு, திட்டமிடல், பணம் வழங்கல் ஆகிய மையப் பணிகளுக்கான மென்பொருளை ஊராட்சி வாங்குவதே இல்லை. மத்திய ஊராட்சி அமைச்சகத்துக்காகத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய பிரியாசாஃப்ட் என்ற கணக்கு மென்பொருளும் பிளான்பிளஸ் என்ற திட்ட மென்பொருளும் முன்பு தனித்தனியே இருந்தன. அவற்றின் இடத்தில் 2020 ஏப்ரல் 24 அன்று, தேசிய ஊராட்சி நாளில், இ-கிராம் ஸ்வராஜ் என்ற ஒற்றைத் தளம் தொடங்கப்பட்டது. அதே மாதத்தில் இணையவழித் தணிக்கைக்கான ஆடிட்ஆன்லைன் தளமும் வந்தது. 2023-இல் இ-கிராம் ஸ்வராஜ், மத்திய அரசின் மின்சந்தையான ஜெம் தளத்துடன் இணைக்கப்பட்டது. வீட்டு வரி முதலியவற்றை இணையத்தில் செலுத்துவதற்கு மாநில ஊரக வளர்ச்சித் துறையின் தனித் தளம் இருக்கிறது. இவற்றில் எதற்கும் ஊராட்சி உரிமக் கட்டணம் செலுத்துவதில்லை. ஆனால் கட்டணம் இல்லை என்பதால் கட்டாயமும் இல்லை என்று ஆகிவிடாது: பதினைந்தாவது நிதிக் குழுவின் மானியத்தைப் பெறுவதற்கு, தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளை இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருப்பது நுழைவு நிபந்தனையாக வைக்கப்பட்டது. மென்பொருளைப் பயன்படுத்தாத ஊராட்சிக்கு மானியம் இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். உரிமம் இலவசம், விலகும் உரிமை மட்டும் இல்லை.

ஊராட்சி பணம் கொடுத்துப் பெற வேண்டியவை இந்தத் தளங்களைச் சுற்றியுள்ள சிறு பொருள்கள்: கணினியின் இயங்குதளம், கடிதமும் அட்டவணையும் தயாரிக்கும் அலுவலகத் தொகுப்பு, வைரஸ் தடுப்பு மென்பொருள், மின்கையொப்பச் சான்றிதழ். இவற்றுள் கடைசியாகச் சொன்னதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். தலைவரும் துணைத் தலைவரும் காசோலையில் கையெழுத்திட்ட பழைய முறையின் இடத்தில், இ-கிராம் ஸ்வராஜ் வழியாகப் பணம் வழங்கும்போது ஒருவர் பதிவு செய்ய மற்றொருவர் ஒப்புதல் அளிக்கிறார். இருவருமே கட்டைவிரல் அளவிலான ஒரு யு.எஸ்.பி. டோக்கனைக் கணினியில் செருகித் தமக்குரிய கடவுக்குறியைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த டோக்கனுக்குள் இருக்கும் சான்றிதழ், கூடிப்போனால் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். சான்றிதழ் காலாவதியான நாளில் ஊராட்சியின் கணக்கில் பணம் இருந்தும் குடிநீர் மோட்டார் பழுது பார்த்தவருக்குக் கொடுக்க முடியாது. சட்டப்படி இது மென்பொருள் உரிமம் அன்று. ஆனால் காலாவதி, புதுப்பித்தல், பெயர் மாற்றம் என்று உரிமத்தின் தொல்லைகள் அனைத்தும் இதற்கும் உண்டு. ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரே காலத்தில் சேர்த்து வாங்கினால் ஒரே காலத்தில் காலாவதியாகும் என்பது கூட்டுக் கொள்முதலின் சிறிய, ஆனால் யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்க்காத விளைவு.

இனி, விலைக்கு வருவோம். கணக்குக்காக மட்டும், ஒரு கணினிக்கான வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆண்டுக்கு 1,000 ரூபாய் என்றும், மாவட்டத்தின் 420 ஊராட்சிகளும் ஒரு கணினிக்கு ஒன்று வீதம் சேர்ந்து வாங்கினால் 40 விழுக்காடு விலை குறையும் என்றும் வைத்துக்கொண்டால், மொத்தச் சேமிப்பு 1,68,000 ரூபாய். ஓர் ஊராட்சிக்குக் கிடைப்பது 400 ரூபாய். இந்த 400 ரூபாய்க்காக எந்த ஊராட்சித் தலைவரும் 419 ஊராட்சிகளைக் கூட்டி ஒப்பந்தம் பேசப் போவதில்லை. அதே வேளையில் 1,68,000 ரூபாய் என்பது மாதம் 14,000 ரூபாய் வீதம் ஒரு தொழில்நுட்பப் பணியாளருக்கான ஓராண்டு ஊதியம். சேமிப்பு பரவிக் கிடக்கும்போது பயனற்றதாகவும் திரண்டு நிற்கும்போது பயனுள்ளதாகவும் இருக்கிறது. ஆகவே கூட்டுக் கொள்முதலின் உண்மையான ஆதாயம் விலைக் குறைப்பில் இல்லை, திரண்ட தொகையைக் கொண்டு எதைப் பெறுகிறோம் என்பதில் இருக்கிறது. கணினி நின்றுபோனால் வந்து பார்க்கும் ஆள் ஊராட்சிச் செயலருக்குத் தள்ளுபடியைவிட முக்கியம். தலைநகரில் முடிவாகும் ஒப்பந்தங்களில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அல்லது ஒரு தொலைபேசி எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

எல்காட், லினக்ஸ், எழுத்துரு

தமிழ்நாட்டில் அரசு அலுவலகங்களுக்கான கணினிக் கொள்முதலின் மையமாக இருந்துவருவது 1977-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மின்னணு நிறுவனம், அதாவது எல்காட். துறைகளின் தேவையைத் திரட்டி, ஒப்பந்தப்புள்ளி நடத்தி, விலை முடிவு செய்து தரும் இந்த நிறுவனத்தின் வரலாற்றில் மென்பொருள் உரிமம் பொதுப் பேச்சான காலம் 2006-ஐ அடுத்த சில ஆண்டுகள். அப்போது மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் நிறுவனத்தின் கணினிகளைச் சூசே லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றினார். அரசுக் கொள்முதல்களிலும் அதை வலியுறுத்தினார். கட்டற்ற மென்பொருள் என்பது அதன் மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் படியெடுக்கவும் அனுமதிக்கும் உரிமத்தோடு வருவது. அதற்குப் பணம் கொடுக்கக்கூடாது என்பதில்லை, கொடுக்கும் பணம் பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் செல்லும். இந்த மாற்றத்தின் அரசியலைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. கொள்முதல் நோக்கில் அதில் நிலைத்து நிற்கும் பாடம் வேறு: மாற்று ஒன்று கையில் இருக்கிறது, அதை நம் ஆட்களுக்கு இயக்கத் தெரியும் என்று காட்ட முடிந்த வாங்குநருக்கே விற்பவரிடம் பேரம் படியும். எண்ணிக்கை மட்டும் இருந்து மாற்று இல்லாவிட்டால், பெரிய வாங்குநர் என்பவர் பெரிய கைதி, அவ்வளவுதான்.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கும் எல்காட்டே கொள்முதல் செய்தது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும், சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஆக இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பல லட்சம் கணினிகளுக்கான ஒரே கொள்முதலில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது தேர்வுரிமைக்கு இடம் தந்த ஏற்பாடாகத் தோன்றினாலும், பயிற்சியும் பாடத்திட்டமும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தனவோ அந்தப் பக்கமே பயன்பாடும் சாய்ந்தது. மத்திய அரசு 2015 மார்ச்சில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்த பின்னும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

விலைப்பட்டியலில் காணப்படாத விலை ஒன்று உண்டு என்பதைத் தமிழ் அலுவலகங்கள் எழுத்துருவின் மூலம் கற்றுக்கொண்டன. ஒருங்குறி பரவுவதற்கு முன் அரசு அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருத் தொகுப்புகள் பரவலாக வழங்கின. ஒவ்வொரு தொகுப்பும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்கேயுரிய குறியீட்டைக் கொண்டிருந்ததால், ஒரு கணினியில் தட்டச்சு செய்த தீர்மானத்தை அந்தத் தொகுப்பு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரிந்தன. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் பதினாறு பிட் அனைத்துத் தமிழ் எழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்து ஆணை வெளியிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் குறிமாற்றிகளையும் கட்டணமின்றி வழங்குகிறது. ஆயினும் பழைய கோப்புகள் பழைய குறியீட்டிலேயே கிடக்கின்றன. அவற்றைத் திறக்க வேண்டியிருக்கும் வரை பழைய எழுத்துருவும் கணினியில் இருந்தாக வேண்டும். ஒரு விற்பனையாளரிடமிருந்து விலகுவதற்கான செலவு மிகக் கூடிவிடுவதால் அவரிடமே தொடர வேண்டியிருக்கும் இந்த நிலையைக் கொள்முதல் துறையினர் பூட்டு என்பார்கள். தனியாக வாங்கினால் ஓர் அலுவலகம் பூட்டப்படும். கூட்டாக வாங்கும்போது மாநிலமே பூட்டப்படும்.

மருந்தில் வெற்றி பெற்ற முறை

தமிழ்நாட்டில் கூட்டுக் கொள்முதலுக்கு வெளியிலிருந்து முன்மாதிரி தேட வேண்டியதில்லை. 1994 ஜூலையில் நிறுவப்பட்டு 1995 ஜனவரி முதல் மருந்து வழங்கத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மாநில அளவில் ஒரே விலையில் வாங்குகிறது; கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் தத்தம் கழகங்களை அமைத்தன. அதன் விலைக் குறைப்பைப் பலரும் பாராட்டுகிறார்கள். பாராட்டுக்கு மேலும் உரியது அதன் பாஸ் புத்தக முறை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீட்டைக் குறித்த ஒரு பாஸ் புத்தகம் தரப்படும். விலையும் தரமும் சென்னையில் முடிவாகின்றன, ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதைப் பட்டியலுக்குள் நின்று அந்த மருத்துவமனையே முடிவு செய்து மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்த அளவு புத்தகத்தில் கழிக்கப்படுகிறது. பேரத்தைக் கூட்டாக்கி, தேர்வை உள்ளூரில் விட்டுவைத்த ஏற்பாடு இது. இவ்வாய்வில் எடுத்துக்கொண்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உள்நாட்டு விடை இல்லை.

இந்தக் கழகத்தின் இன்னொரு சிறப்பு, வந்து சேர்ந்த மருந்தின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே விநியோகத்துக்கு விடுவது. மென்பொருளில் இதற்கு இணையான சோதனை கடினம், ஏனெனில் அதன் குறை வாங்கிய அன்று தெரிவதில்லை. திருவாதவூரைப் பற்றிப் பேசுமிடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது: அவ்வூரில் பிறந்த மாணிக்கவாசகரைப் பற்றிய புராணக் கதையே அரசுக் கொள்முதல் ஒன்றைச் சுற்றி அமைந்ததுதான். பாண்டியனின் கருவூலப் பணத்தோடு குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் அப்பணத்தைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட, பின்னர் மதுரைக்கு வந்து கயிறு மாற்றிக் கொடுக்கப்பட்ட பரிகள் இரவில் நரிகளாயின என்கிறது அக்கதை. பக்தர்களுக்கு அது திருவிளையாடல். கொள்முதல் அதிகாரிக்கு அது, பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட பின் தெரியவரும் குறைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி. மென்பொருள் ஒப்பந்தங்களில் இதற்கான விடை, முழுத்தொகையையும் முதல் நாளிலேயே கொடுக்காமல் ஒரு பகுதியைச் சேவைத் தரத்தோடு பிணைத்து வைப்பது; தனித்து நிற்கும் ஊராட்சியால் இந்த நிபந்தனையை விற்பவரிடம் வற்புறுத்த முடியாது, கூட்டால் முடியும்.

டென்மார்க்கும் கேரளமும்

டென்மார்க்கின் உள்ளாட்சிகள் 1970-களிலிருந்தே தமக்குச் சொந்தமான கே.எம்.டி. என்ற கணினி நிறுவனத்தின் மூலம் மென்பொருள் பெற்றுவந்தன. அந்த நிறுவனம் தனியாருக்கு விற்கப்பட்டபோது, தாங்களே வளர்த்த நிறுவனத்திடம் உள்ளாட்சிகள் வெறும் வாடிக்கையாளர்களாயின. பல துறைகளில் அதற்குப் போட்டியாளரும் இல்லை. 2009-இல் உள்ளாட்சிகளின் சங்கம் கொம்பிட் என்ற புதிய நிறுவனத்தை அமைத்தது. அதன் வேலை மென்பொருள் எழுதுவது அன்று, 98 உள்ளாட்சிகளின் சார்பில் தேவையை வரையறுத்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, ஏகபோகத்தை உடைப்பது. சில அமைப்புகள் பல ஆண்டுகள் தாமதமாயின. 98 வாங்குநர்களின் தேவையையும் ஒரே ஆவணத்தில் அடக்க முயன்றால் அந்த ஆவணம் எவருக்கும் முழுமையாகப் பொருந்தாத அளவுக்குப் பெருத்துவிடும் என்பதும் அங்கே தெரிந்தது. இருந்தும் அடிப்படை ஏற்பாடு நிலைத்தது, ஏனெனில் வாங்கும் நிறுவனத்தின் உடைமை உள்ளாட்சிகளின் சங்கத்திடமே இருந்தது.

கேரளம் வேறு வழி சென்றது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் தொடர்ச்சியாக 1999-இல் உருவான இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன், உள்ளாட்சிகளுக்கான மென்பொருளை வாங்காமல் தானே எழுதியது: கணக்குக்குச் சாங்க்யா, பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சேவனா, திட்டத்துக்குச் சுலேகா எனப் பல. பின்னர் கிராம ஊராட்சிகளுக்கு ஒருங்கிணைந்த தளம் ஒன்று வந்தது. 2024 ஜனவரி 1 அன்று கே-ஸ்மார்ட் என்ற புதிய தளம் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்து, 2025 ஏப்ரலில் 941 கிராம ஊராட்சிகளுக்கும் விரிந்தது. உரிமக் கட்டணம் என்ற சுமையே இங்கு இல்லை. ஆனால் ஒரு தளத்துக்குப் பழகிய ஊழியர்கள் அடுத்த தளத்துக்கு மாற வேண்டிய நாளை ஊராட்சி முடிவு செய்வதில்லை; மாநிலமே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டின் ஊராட்சிகள் இ-கிராம் ஸ்வராஜுக்கு மாறியதும் அப்படித்தான். சொந்தமாக எழுதினாலும் வெளியில் வாங்கினாலும், பயன்படுத்துபவருக்கு முடிவில் இடமில்லாவிட்டால் உள்ளாட்சியின் நிலை ஒன்றுதான் என்பதற்கு இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சட்டமும் தணிக்கையும்

தமிழ்நாட்டில் அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் கொள்முதலை ஆள்வது 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும். அறிவிப்பை மாவட்ட, மாநில ஒப்பந்தப்புள்ளி இதழ்களில் வெளியிடுவது, தகுதிபெற்றவர்களுள் குறைந்த விலை கோரியவரை ஏற்பது ஆகியவை இதன் முதுகெலும்பு. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் ஆய்வாளர் முன் கோப்பை வைக்கும்போது, தனியே வாங்கியதற்கு மூன்று விலைப்புள்ளிகளும் தீர்மானமும் காட்ட வேண்டிய ஊராட்சிக்கு, மைய விலை ஒப்பந்தத்தின் கீழ் வாங்கியது ஒரு பாதுகாப்பு. நடைமுறையில் உள்ளூர் அலுவலர்கள் கூட்டுக் கொள்முதலை விரும்புவதற்கு விலையைக் காட்டிலும் இதுவே காரணம் என்று கொள்வதில் தவறில்லை. தணிக்கைத் தடை எழாது என்ற நிம்மதி பத்து விழுக்காடு தள்ளுபடியைவிடப் பெரியது.

ஆனால் குறைந்த விலை என்ற அளவுகோல் மென்பொருளுக்கு அரைகுறையாகவே பொருந்துகிறது. முதலாண்டில் மிகக் குறைவாகக் கோரிவிட்டு, தரவு முழுவதும் தன் தளத்துக்குள் வந்து சேர்ந்த பிறகு புதுப்பிக்கும்போது விலையை ஏற்றுவது இத்தொழிலில் தெரிந்த உத்தி. எனவே ஒப்பிட வேண்டியது முதல் விலையை அன்று. ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளில் உரிமம், பயிற்சி, பராமரிப்பு, இறுதியில் தரவை வெளியே எடுக்கும் செலவு எல்லாம் சேர்ந்த முழுச் செலவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை ரேட் காண்ட்ராக்ட் போன்ற சட்டக ஒப்பந்தங்களைப் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீட்டிக்க விடுவதில்லை. பூட்டு இறுகுவதற்குள் சந்தையை மீண்டும் திறப்பதே அதன் நோக்கம்.

பாதுகாப்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும் விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கமாக வருவதில்லை. 2021 செப்டம்பரில் தலைமைச் செயலகத்தின் பொதுத் துறைக் கணினிகளே பிணைத்தொகை கேட்கும் தீநிரலுக்கு இலக்காயின. தலைமைச் செயலகத்துக்கே இந்நிலை என்றால், ஒற்றைக் கணினியில் வரிப் பதிவேட்டை வைத்திருக்கும் ஊராட்சிக்குப் புதுப்பித்தல் தேதியை யார் நினைவூட்டுவது? கூட்டு ஒப்பந்தம் நன்கு செய்யக்கூடிய வேலை இது. அது செய்ய முடியாத வேலையும் உண்டு. அலுவலர்களின் கடவுச்சொற்களைக் கொண்டு கட்டடங்களின் சொத்து வரி முறைகேடாகக் குறைக்கப்பட்டதாக மதுரை மாநகராட்சியில் எழுந்த புகாரில் 2025-இல் பலர் கைதாயினர். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் சிறப்பு விசாரணையும் நடந்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், யார் எந்தக் கடவுச்சொல்லை வைத்திருக்கிறார், ஒவ்வொரு மாற்றமும் யார் பெயரில் பதிவாகிறது, அப்பதிவை வெளியிலிருந்து யார் பார்க்கிறார் என்பவை எந்த உரிமத்தின் விலையிலும் அடங்காத கேள்விகள்.

உறுப்பினரா, பயனரா

இதுவரை பார்த்த முறைகளைப் பிரிக்கும் கோடு, வாங்குவது மையத்திலா உள்ளூரிலா என்பதன்று. உள்ளூர் அமைப்பு அந்த ஒப்பந்தத்தில் உறுப்பினரா, வெறும் பயனரா என்பதே. அமெரிக்க நகராட்சி ஓர் இணைப்பு ஆவணத்தின் வழியே சேர்கிறது; டென்மார்க்கின் உள்ளாட்சிகள் வாங்கும் நிறுவனத்துக்குத் தம் சங்கத்தின் மூலம் உடைமையாளர்கள்; தமிழ்நாட்டு மருத்துவமனைக்குப் பாஸ் புத்தகம் இருக்கிறது. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சியிடம் மென்பொருளைப் பொறுத்தவரை இம்மூன்றில் ஒன்றும் இல்லை. அதற்குக் கிடைப்பது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சுற்றறிக்கையும். 1993-இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாவது அரசமைப்புத் திருத்தமும் அதையொட்டிய 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தன்னாட்சி அமைப்பு என்று அழைக்கும் ஒன்று, தன் கணக்கேட்டின் வடிவத்தையே தேர்ந்தெடுக்க முடியாத நிலை இது. மாநிலம் முழுவதும் ஒரே வடிவக் கணக்கு வேண்டும் என்பதற்கு வலுவான நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒப்பிட முடியாத கணக்கைத் தணிக்கை செய்ய முடியாது. ஒரே வடிவம் வேண்டும் என்பதிலிருந்து ஒரே முடிவெடுப்பவர் போதும் என்பது பின்தொடராது என்பதே இங்கே சொல்லப்படுவது.

செய்யக்கூடியது பெரிய காரியமன்று. ஊராட்சி ஒன்றிய அளவில் ஊராட்சிகள் தீர்மானம் நிறைவேற்றிச் சேரும் ஒரு கூட்டு ஒப்பந்தம். விலையை எல்காட் அல்லது ஜெம் தளம் முடிவு செய்தாலும், ஒவ்வோர் ஊராட்சிக்கும் அதன் ஒதுக்கீட்டைக் காட்டும் ஒரு பாஸ் புத்தகம். லினக்ஸையோ விண்டோஸையோ தேர்ந்துகொள்ளும் உரிமை. சேமிப்பிலிருந்து ஒன்றியத்துக்கு ஒரு தொழில்நுட்பப் பணியாளர். ஒப்பந்தம் முடியும்போது வரிப் பதிவேடும் கணக்கும் ஒருங்குறித் தமிழில், எவரும் திறக்கக்கூடிய கோப்பாக ஊராட்சியின் கையில் ஒப்படைக்கப்படும் என்ற நிபந்தனை. இவற்றுள் கடைசி நிபந்தனைக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை, தொடக்கத்திலேயே கேட்டால். ஐந்தாம் ஆண்டில் கேட்டால் விலை சொல்லப்படும்.

மதுரை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தலைவர்களின் மின்கையொப்பங்கள் செல்லாதவையாகி, அலுவலர்களின் பெயரில் புதிய பதிவுகள் வந்தன. மன்றம் இல்லாத காலத்தில் ஊராட்சியின் சார்பில் ஒப்பந்தத்தில் சேர்வதும் சேராததும் அரசு அலுவலரே அரசு நிறுவனத்தோடு பேசி முடிக்கும் காரியமாகிறது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் மன்றங்கள் தம் முதல் கூட்டங்களிலேயே, ஊராட்சி இப்போது எந்தெந்த மென்பொருள் ஒப்பந்தங்களுக்குள் இருக்கிறது, அவை எப்போது முடிகின்றன என்ற பட்டியலை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற்று, அதைக் கிராம சபையின் முன் வைக்க வேண்டும்.